கடலில் வாழ்ந்த இல்லறத்தார்: கொலிங்வுட் பிரபு

ஆங்கில நாட்டு வரலாற்றைப் பாடமாகப் படித்த நம் பழைய மாணவர்களுக்குத் திரபல்கார்ப் போர் என்றதும் நெல்சனின் பெயரே நினைவுக்கு வரும். போர்க்களத்திலே உயிர் துறந்த வீரனுக்கு உலகம் முதலிடம் அளிப்பது இயல்பே. ஆயின், அன்று பிற்பகல் நெல்சன் கண்மூடிய பின்னர் அக்கப்பற்படையின் தலைமையை ஏற்று, அதனைப் புயலினின்றுங் காத்து, அதன் பின்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக மத்தியதரைக் கடலைக் காவல் செய்து, ஈற்றில் அக்கடலின் மீதே உயிர்நீத்த மற்றொருவர் உளர். கத்பெர்ட் கொலிங்வுட் என்பது அவர் பெயர். அவருடைய போர்த்திறத்தை மட்டும் சொல்லுதற்கு நாம் இதனை எழுதப் புகவில்லை. பதின்மூன்றாம் வயது தொடங்கி இறக்கும்வரை படைத்தொழிலன்றி வேறு தொழில் அறியாத ஒருவர் மனைவி மக்கள்மீது வைத்திருந்த பேரன்பும், அவ்வன்புக்கும் கடமைக்கும் இடையே அவர் பட்ட பாடுமே நம் உள்ளத்தைக் கவர்ந்தன.

இங்கிலாந்தின் வடகிழக்கிலே தைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் என்னும் துறைமுகப் பட்டினத்தில், 1748ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆந் திகதி கொலிங்வுட் பிறந்தார். தந்தையார் வணிகர், குடி பழமையானது, செல்வமோ குறைவு. அவ்வூரிலிருந்த அரச இலக்கணப் பாடசாலையிலே, கியூ மொய்ஸிஸ் என்னும் புகழ்பெற்ற தலைமையாசிரியரிடம் அவர் பயின்றார். பிற்காலத்தில் எல்டன் பிரபு என்னும் பெயருடன் இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைமைப் பதவியை வகித்த யோன் ஸ்கொட் என்பாரும் அப்பாடசாலையின் மாணவரே. கொலிங்வுட் அழகும் அடக்கமும் வாய்ந்த சிறுவனாக இருந்தார் என்று எல்டன் பிரபு முதுமையிலே நினைவுகூர்ந்தாராம். ஒரு பாடசாலையின் பெருமை அதன் கட்டடங்களில் இல்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளின் பின் அதன் மாணவர் ஒருவரையொருவர் எவ்வாறு நினைக்கின்றனர் என்பதில் இருக்கின்றது எனச் சொல்லத் தோன்றுகின்றது. அம்மொய்ஸிஸ் ஆசிரியரைப் பின்னருஞ் சந்திப்போம்.

வீட்டின் வறுமை காரணமாகக் கொலிங்வுட் நெடுநாள் படிக்க இயலவில்லை. 1761ஆம் ஆண்டிலே, உறவினர் ஒருவர் தலைவராயிருந்த ஷனன் என்னும் போர்க்கப்பலில் அவரைச் சேர்த்துவிட்டனர். முதல் நாள் வீட்டை நினைத்து ஒரு மூலையில் இருந்து அழுதுகொண்டிருந்த சிறுவனை, கப்பலின் முதலாம் லெப்டினன்ட் கண்டு அன்பாகத் தேற்றினாராம். அன்பு கண்ட சிறுவன், தாயார் கட்டிக்கொடுத்த பெட்டியைத் திறந்து, அதிலிருந்த பலகாரத்திற் பெரியதொரு துண்டை வெட்டி அவருக்குக் கொடுத்தானாம். படைத்தலைவர் ஒருவரின் சரித்திரத்திலே பலகாரத்துக்கு என்ன இடம் என்று மாணவர்கள் கேட்கலாம். இச்சிறு நிகழ்ச்சியிலே பிற்காலக் கொலிங்வுட்டின் குணம் முழுவதும் அடங்கியிருப்பதாகவே நமக்குப் படுகின்றது.

அக்காலத்துக் கடற்படையில், செல்வாக்கு உடையவர்க்கே பதவி விரைந்து கிடைத்தது. கொலிங்வுட் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 1775ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி, அமெரிக்காவிலே பொஸ்டன் நகரை அடுத்த பங்கர் குன்றில் நடந்த சண்டையிற் கடற்படை வீரருடன் தொண்டாற்றிய பின்னரே லெப்டினன்ட் ஆனார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. அவரிலும் பத்து ஆண்டு இளையவரான நெல்சனோ தம் பதினெட்டாவது வயதிலேயே அப்பதவியைப் பெற்றுவிட்டார். அதன்பின் மேற்கிந்தியத் தீவுகளிலே, நெல்சன் ஒரு கப்பலை விட்டு உயர்பதவிக்குச் செல்லும்போதெல்லாம் அவர் விட்ட இடத்துக்குக் கொலிங்வுட் செல்வது வழக்கமாயிற்று. இளையவர் முந்த, மூத்தவர் பின்தொடரும் இந்நிலையிற் பொறாமை முளைப்பது எளிது. அவ்விருவரிடையும் முளைத்ததோ சாகும்வரை குன்றாத நட்பு. அண்டிலீசுத் தீவுகளில் ஓய்ந்திருந்த காலத்தில் ஒருவர் உருவத்தை ஒருவர் வரைந்து மகிழ்ந்தனர். காய்ச்சலினால் முடி இழந்து பொய்முடி அணிந்திருந்த நெல்சனைக் கொலிங்வுட் வரைந்த படம் இலண்டன் மாநகரின் கடலியல் நூதனசாலையில் உள்ளது.

அவ்வாண்டுகளின் துன்பமும் சொல்லத்தக்கதே. 1780ஆம் ஆண்டு நிக்கராகுவா நாட்டுச் சன் யுவான் ஆற்றின் வழியே ஸ்பானியரைத் தாக்கும் முயற்சியில், கொலிங்வுட் தலைமை வகித்த ஹிஞ்சின்புரூக் கப்பலின் வீரர் இருநூற்றுவரில் நூற்றெண்பதின்மர் நான்கு மாதத்துள் நச்சுக்காய்ச்சலால் மாண்டனர். பகைவர் குண்டுக்கு இரையாகியவரை எண்ணிவிடலாம். நோய்க்கு இரையாகியவரே அக்காலப் போர்களில் மிகுதி. தம் கையாலேயே அத்தனை பேரையும் அடக்கஞ் செய்ய நேர்ந்த அத்தலைவர், பின்னாளிற் கப்பலின் தூய்மையிலும் காற்றோட்டத்திலும் நோயாளர் உணவிலும் அளவிறந்த கவனங் கொண்டதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

1791ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆந் திகதி, நியூகாசில் நகரபிதாவாயிருந்த யோன் எரஸ்மஸ் பிளக்கற் என்பாரின் மகள் சாராவைக் கொலிங்வுட் மணந்தார். மணமகனுக்கு வயது நாற்பத்திரண்டு. மோர்பெத் என்னுஞ் சிற்றூரிலே, ஆற்றுக்கு அண்மையில் ஓர் இல்லம் அமைத்துக்கொண்டனர். 1792இல் மூத்த மகள் சாராவும், 1793இல் இளையவள் மேரி பேஷன்ஸும் பிறந்தனர். பிரான்சுடன் போர் மூண்டதும் அவ்வாண்டிலேயே. தந்தையார் கடலுக்குத் திரும்பினார். அன்று தொடங்கி அவர் இறந்த 1810ஆம் ஆண்டுவரை, பதினேழு ஆண்டுகளில், மோர்பெத் இல்லத்தில் அவர் தங்கிய காலம் ஓராண்டுக்குச் சிறிதே கூடியது எனலாம்.

இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் பலருக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரு காலத்தில் மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்த தந்தையரை, மாதந்தோறும் வருங் காசுக்கட்டளையாலும் கடிதத்தாலுமே அறிந்து வளர்ந்த பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! கொலிங்வுட்டின் பிள்ளைகளும் அவ்வாறே வளர்ந்தனர். வேறுபாடு ஒன்று உண்டு. மலாயாத் தந்தையர் சில ஆண்டுக்கு ஒரு முறையாயினும் விடுமுறையில் வந்தனர். மோர்பெத்தின் தந்தைக்கு அதுவும் வாய்க்கவில்லை.

1794ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி அத்திலாந்திக்குக் கடலில் நடந்த பெரும்போரில் அவர் பார்பிளர் என்னும் கப்பலின் கப்டனாயிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. போர் தொடங்குமுன் தம் தளபதியை நோக்கி, இந்நேரம் நம் மனைவியர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருப்பர். ஆயினும் நாம் இங்கே அடிக்கப்போகும் மணியோசை ஊர்க்கோயில் மணிகளை விஞ்சிவிடும் என்னும் கருத்துப்படப் பேசினாராம். சாவு எதிரே நிற்க, அவர் நினைவு நியூகாசில் வீதியிற் சென்றது. அப்போரிலே அவர் தளபதி கால் இழந்து வீழ, கப்பலைக் கொலிங்வுட்டே நடத்தினார். ஆயினும், தலைமைத் தளபதி அனுப்பிய அறிக்கையில் அவர் பெயர் விடுபட்டது, பதக்கமும் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் பின், 1797ஆம் ஆண்டு பெப்ருவரி 14ஆந் திகதி, சென் வின்சென்ற் முனைப் போரிலே எக்ஸெலன்ட் என்னுங் கப்பலைச் செலுத்தி, பகைவர் நடுவே அகப்பட்டுக்கொண்ட நெல்சனை மீட்டார். இம்முறை பதக்கம் வந்தது. முன்னைய போருக்குரிய பதக்கந் தராதவரை இதனை ஏற்கமாட்டேன் என மறுத்துவிட்டார். இரண்டும் சேர்ந்து வந்தன. அடக்கமுடையவர் தம் உரிமைக்கு வாய் திறவார் என எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

தம் கீழுள்ளோரை அவர் நடத்திய முறை ஆசிரியராகிய எமக்குப் பெரிதும் உவப்பானது. அந்நாட்களிற் கப்பல்களிலே சாட்டையடி அன்றாடத் தண்டனை. கொலிங்வுட் அதனை வெறுத்தார். தவிர்க்கவியலாது விதித்த நாளில், பின்னர் நெடுநேரம் எவருடனும் பேசாது வாடியிருப்பார். குற்றஞ் செய்தவனுக்கு மதுவில் நீரைக் கூட்டிக் கொடுத்தல், மிகையான வேலை கொடுத்தல், பந்தியினின்றுந் தனியே உண்ணச் செய்தல் முதலிய தண்டனைகளையே பெரும்பாலும் கையாண்டார். மாலுமிகளை ஏய் என்றும் அடா என்றும் அதிகாரிகள் விளித்தலைத் தடுத்தார். பெயர் தெரியுமாயின் பெயரைச் சொல்லுக. தெரியாதாயின் மாலுமியே என்று அழையுங்கள் என்பது அவர் கட்டளை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. பயிற்சி பெறும் இளம் அதிகாரி ஒருவன் மாலுமி ஒருவன்மீது முறையிட்டால், கொலிங்வுட் அம்மாலுமிக்கு மறுநாள் தண்டனை உண்டு என அறிவித்துவிடுவார். பின்னர் அவ்விளைஞனைத் தனியே அழைத்து, பிழை பெரும்பாலும் உன்னுடையதாயிருக்கலாம். எவ்வாறாயினும், உன் தந்தை வயதினன் ஒருவன் உன் பொருட்டு இழிவுறுவதைப் பார்க்க உனக்கே வருத்தமாயிருக்கும். நாளை அவனை நிறுத்தும்போது நீயே மன்னிப்பு வேண்டினால் உன் குணத்தை நான் மெச்சுவேன் என்று உணர்த்துவார். மறுநாள் இளைஞன் மன்னிப்பு வேண்டுவான். கப்டன் சிறிது தயங்குவதுபோல் இருந்து, இவ்விளைஞருக்காக விட்டுவிடுகிறேன் என்பார். மாலுமி இளைஞனை விரும்புவான், இளைஞன் தன்னை எண்ணி நாணுவான், ஒழுங்கும் கெடாது. வகுப்பறைக்குப் பிரம்புடன் செல்லும் ஆசிரியர் எவரும் இதனை இரு முறை படித்தல் தகும்.

இத்தகையவரை மென்மையர் எனக் கருதிவிடக் கூடாது. 1797இற் கப்பற்படையிலே கலகங்கள் எழுந்தபோது, அடங்காத மாலுமிகளை அவரிடம் அனுப்பும்படி தலைமைத் தளபதியே பணித்தார். அவருடைய டிரெட்னோற் கப்பலின் பீரங்கி வீரர், கப்பலின் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் யாவற்றையும் மூன்றரை நிமிடத்தில் மூன்று முறை முழக்கும் அளவுக்குப் பயிற்றப்பட்டிருந்தனர். கப்பல் மாறிச் செல்லும்போது, எங்கள் தந்தையை இழந்தோம் என்று மாலுமிகள் கலங்கினராம். சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய இயலாத தந்தைமையைக் கொலிங்வுட் இவர்களுக்குச் செய்தார் போலும்.

1801ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவரைப் பார்ப்பதற்கு மனைவியாரும் மூத்த மகளும் வடகோடியினின்றும் தென்கோடியிலுள்ள பிளிமத் துறைமுகத்துக்குப் பயணஞ் செய்தனர். பனிக்காலம், குதிரை வண்டி, நெடிய வழி. அங்கே ஒரு விடுதியில், கணப்படுப்பின் அருகே நெல்சனும் கொலிங்வுட் தம்பதியரும் அமர்ந்து உரையாட, சிறுமி சாரா தன் நாய்க்குட்டிக்கு நடனம் பழக்கிக்கொண்டிருந்தாள். அக்காட்சியைப் பின்னர் நண்பர் ஒருவருக்கு அவரே எழுதி மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி சிலமணி நேரமே. உடனே கப்பலேறுக எனக் கட்டளை வந்தது, சென்றார்.

1802ஆம் ஆண்டு அமியென் உடன்படிக்கையால் போர் ஓய்ந்தது. நம் நாட்டு வரலாற்றைக் கற்போர்க்கு அவ்வுடன்படிக்கை வேறொரு காரணம் பற்றித் தெரியும். ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக் கரையோரம் பிரித்தானியருக்கு உறுதியானது அதனாலேயே. நமக்கு ஆட்சிமாற்றத்தை உறுதிசெய்த அதே பத்திரம், மோர்பெத்திலே ஒரு தந்தைக்கு ஓராண்டு விடுமுறை அளித்தது. அவ்வாண்டு முழுதும் அவர் பெண்மக்களுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தும், தோட்டத்திலே மண்வெட்டி பிடித்தும் காலங்கழித்தார். அவரைக் காணவந்த கடற்றளபதி ஒருவர் வீடெங்குந் தேடி, ஈற்றில் தோட்டத்தின் கோடியிலே, ஆழமான அகழி ஒன்றினுள்ளே கிழத் தோட்டக்காரனுடன் மண் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கண்டாராம்.

உலாவச் செல்லும்போது சட்டைப்பை நிறைய ஓக் மரத்தின் விதைகளைக் கொண்டுசென்று, வாய்ப்பான இடந்தோறும் ஊன்றிச் செல்வது அவர் வழக்கம். போர்க்கப்பல் ஒன்றைக் கட்டுதற்கு எத்துணை மரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நெல்சனின் விக்டரிக் கப்பலுக்கு மட்டும் ஏறக்குறைய 6,000 மரங்கள், பெரும்பாலும் ஓக் மரங்கள், வெட்டப்பட்டன. ஓக் முதிர நூறாண்டு செல்லும். தம் பேரரின் காலத்து நாட்டுக் காவலுக்காக அவர் விதை ஊன்றினார்.

1803ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டது. மூத்தவளுக்குப் பத்து வயது நிரம்பியது அல்லது பதினொன்று. இளையவள் ஒரு வயது குறைந்தவள். அவர்களை முத்தமிட்டு வண்டியேறிய தந்தை அதன்பின் அவர்களைக் கண்டாரல்லர்.

பகைநாட்டுத் துறைமுக வாயிலிலே கோடையும் மாரியும் பாராது நின்று, உள்ளிருக்குங் கப்பல்கள் வெளியேறாவண்ணம் காப்பதே முற்றுகை எனப்படுவது. அதில் வீரச்செயல் குறைவு. அலுப்பும் கவலையும் மிகுதி. ஒரு காலத்திலே இருபத்திரண்டு மாதம் நங்கூரம் பாய்ச்சாது கொலிங்வுட் கடலிலே நின்றார். 1805ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பிரெஞ்சு ஸ்பானியக் கூட்டுப்படை காடிஸ் துறைமுகத்தை நோக்கி வந்தபோது, மிகச் சில கப்பல்களுடன் அங்கு நின்ற அவர், தொலைவில் ஒரு பெரும்படை நிற்பதுபோலப் பொய்க் கொடிச்செய்தி காட்டி, அகலாது காவல் காத்தார்.

அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி விடியற்காலையில், திரபல்கார் முனைக்கு அருகே, ரோயல் சொவரின் என்னும் கப்பலிலே கொலிங்வுட் வழக்கம்போல் அமைதியாக முகஞ் சவரஞ் செய்து உடுத்திக்கொண்டார். தம் லெப்டினன்ட் அணிந்திருந்த சப்பாத்துக்களைக் களைந்து பட்டுக் காலுறை அணியும்படியும் சொன்னார். காலிற் குண்டு பட்டால் வைத்தியருக்கு அது இலகு. நெல்சன் தம் புகழ்பெற்ற கொடிச்செய்தியை ஏற்றியபோது, செய்யவேண்டியது நமக்குத் தெரியும், இவர் ஏன் ஓயாது கொடி ஏற்றுகிறார் எனச் சலித்துக்கொண்டாராம்; செய்தியின் பொருளை அறிந்ததும் மனங்கனிந்து பாராட்டினாராம்.

பிரித்தானியருக்கு 27 போர்க்கப்பல்கள், எதிரிகளுக்கு 33. இரண்டு நிரைகளாக முன்னேறிய பிரித்தானியப் படையில் ஒரு நிரைக்குத் தலைவர் கொலிங்வுட். புதிதாகச் செப்புத்தகடு வேயப்பட்ட அடிப்பாகத்தையுடைய அவர் கப்பல், ஏனையவற்றை விட்டு விரைந்து சென்று, நண்பகல் அளவில், 112 பீரங்கிகளையுடைய சாந்தா ஆனாவின் பின்புறமாகப் பகைவர் நிரையைப் பிளந்தது. பிற கப்பல்கள் வந்து சேருமட்டும் கால்மணி நேரம் தனித்தே நின்று பொருதது. அக்கப்பலில் மட்டும் 47 பேர் மாண்டனர். 94 பேர் காயமுற்றனர். கொலிங்வுட்டும் காலிற் காயம்பட்டார். ஆயினும் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. மாலை நாலரை மணியளவில் நெல்சன் இறந்தார்.

நங்கூரம் பாய்ச்சுக என்பது நெல்சனின் இறுதி விருப்பம். கொலிங்வுட் உடனே அதனைச் செய்யவில்லை. அன்றிரவு தொடங்கிப் பல நாள் வீசிய கடும்புயலில், கைப்பற்றிய கப்பல்களில் நான்கு மட்டுமே ஜிப்ரால்ரர் போய்ச் சேர்ந்தன. இதன்பொருட்டு அவரைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், பின்பும் இருந்தனர். பாய்மரம் முறிந்து, நங்கூரக் கயிறு அறுந்து, கரைப்பாறையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்த படையைக் கையேற்றவர் அவர். பிரித்தானியக் கப்பல் ஒன்றேனும் இழக்கப்படவில்லை என்பதே போதிய விடை என நாம் எண்ணுகிறோம். காயமுற்ற ஸ்பானியக் கைதிகளை அவர் காடிஸ் நகருக்குத் திருப்பி அனுப்பினார்; பகைவர் நாட்டினரும் அதனை மறக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் பின் ஸ்பெயின் நெப்போலியனை எதிர்த்து எழுந்து, கொலிங்வுட் காடிஸில் இறங்கியபோது, அந்நகர மக்கள் அவரை ஆரவாரித்து வரவேற்றனர்.

போர்ச் செய்தியை இலண்டனுக்கு எழுதியவர் அவரே. நவம்பர் 6ஆந் திகதி அதிகாலையில் அது சென்றடைந்தது. வெற்றியைச் சொல்லும் ஓலையிலே நண்பனை இழந்த துயரே மேலோங்கியிருந்தது. அதனைப் படித்த மூன்றாம் ஜோர்ஜ் மன்னர், கடலோடி ஒருவர் இத்துணை நல்ல நடையை எங்கே கற்றார் என வியந்ததாகவும், அவர் மொய்ஸிஸின் மாணவர் என்று அறிந்து அமைந்ததாகவும் ஒரு செய்தி வழங்குகின்றது. மொழியாசிரியர் எவருக்கும் இதனிலும் பெரிய பரிசு வேண்டுமோ?

அரசு அவருக்குப் பிரபுப் பட்டமும் ஆண்டுக்கு 2,000 பவுண் ஓய்வூதியமும் வழங்கிற்று. பட்டம் ஆண்வழிக்கே உரியது. அவருக்கோ இரு பெண்கள். தமக்குப்பின் பட்டம் மகளுக்குச் செல்லுமாறு அவர் விண்ணப்பித்தார், பயனில்லை. பிரபுவுக்குரிய ஆடம்பரத்துக்கு நம்மிடம் நிலமும் இல்லை, பணமும் இல்லை என்பதை வீட்டாருக்கு நினைவூட்டிக்கொண்டும் இருந்தார். தம்மோடு கப்பலில் வாழ்ந்த பவுன்ஸ் என்னும் நாயைப்பற்றி அவர் எழுதியது சுவையானது. எசமானர் பிரபு ஆனது தொடக்கம், சாதாரண நாய்களோடு பழகுதல் தன் தகுதிக்குக் குறைவு என்று பவுன்ஸ் நினைப்பதாக எழுதினார். பீரங்கி முழங்கினால் அப்பிரபு நாய் ஓடி ஒளித்துக்கொள்ளுமாம்.

மத்தியதரைக் கடலின் தலைமைத் தளபதியாக அவர் செய்த பணி போர் மட்டுமன்று. சிசிலி, துருக்கி, வட ஆபிரிக்க அரசுகள், ஸ்பெயின் எனப் பல நாட்டு மன்னரோடும் அமைச்சரோடும் ஓலை பரிமாறினார். எல்லாவற்றையும் தாமே எழுதினார், தாமே ஆராய்ந்தார். வேலையைப் பிறரிடம் பகிர்ந்தளிக்க அவருக்குத் தெரியவில்லை. இது அவரிடமிருந்த குறை என்றே சொல்லவேண்டும். அவர் உடலை அரித்ததும் அதுவே.

அவ்வேலைக்கிடையிலும் வீட்டுக்குக் கடிதம் எழுத அவர் தவறியதில்லை. பெண்மக்கள் கேத்திரகணிதம் பயிலவேண்டும். வரலாறும் பயண நூல்களும் படிக்கவேண்டும். வீண் கதைகளிற் பொழுது போக்கலாகாது. கடிதம் எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதவேண்டும். கோபத்தைக் காட்டும் செயல் எதுவும் கூடாது என்றெல்லாம் அறிவுரை கூறுவார். பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று கேட்கப்பட்ட காலம் அது என்பதை மாணவர் மனத்திற் கொள்க. 1806ஆம் ஆண்டு தம் திருமண நாளன்று, காடிஸுக்கு அப்பாற் கடலில் இருந்து மனைவியாருக்கு எழுதிய கடிதத்திலே, இறுதிக்காலத்தைக் குடும்பத்தோடு கழிப்பதொன்றே தமக்கு இன்பம் என்றார். மோர்பெத்தை விட்டு வேறிடம் போக நேர்ந்தால் அங்குள்ள இயற்கைக் காட்சிக்கு ஏங்குவேன் என்றார். மாரிக்காலத்திலே காலை ஆறு மணிக்கு வீட்டு வாயிலைக் கடக்கும் பழைய வண்டியின் கடகட ஓசையிற்கூட ஓர் இனிமை உண்டு என்றார். பீரங்கிகளின் நடுவே வாழ்ந்த மனிதரின் செவி ஒரு மாட்டுக்கொட்டில் ஊரின் வண்டிச் சத்தத்துக்கு ஏங்கியது.

உடல் நலிந்து, 1808இல் ஓய்வு வேண்டி எழுதினார். உமது இடத்தை நிரப்புதற்கு ஆளில்லை என்று அமைச்சர் விடையிறுத்தார். மறுத்து வீடு செல்ல அவரால் முடிந்திருக்கும். செல்லவில்லை. இது நன்றோ என்று நம் மாணவர் விவாதிக்கலாம். மனைவியாருக்கும் இரு மகளிருக்கும் அவர் கடன்பட்டவரல்லரா? நாட்டுக்குப் பல தளபதிகள் கிடைப்பர்; அச்சிறுமியர்க்குத் தந்தை ஒருவரே. நாமும் இதனைப் பலமுறை எண்ணிப்பார்த்தோம். பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் அவர் செய்தது பிழை என்றே தோன்றுகின்றது. அவர் கப்பலிலிருந்த எண்ணூறு மாலுமிகளுள் ஓய்வு கேட்டு எழுதும் உரிமை ஒருவனுக்கேனும் இல்லை என்பதையும், அவர்களை விட்டுத் தாம்மட்டும் போக அவர் மனம் இசையவில்லை என்பதையும் கருதினால், நம் தீர்ப்பு தளர்கின்றது.

1809ஆம் ஆண்டு ஓர் இரவிலே பவுன்ஸ் கடலில் வீழ்ந்து மறைந்தது. தலைவரின் நோயும் முற்றிற்று. உணவு தங்காத வயிற்று நோய். 1810ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி மினோர்க்காத் தீவின் மகோன் துறையிலே பதவியை ஒப்படைத்தார். 6ஆந் திகதி வில் டி பாரி என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்டது. கப்பல் கடலில் இறங்கிவிட்டது என்று சொன்னதும் அவர் முகம் சிறிது தெளிந்ததாம். மறுநாள் மாலை உயிர் பிரிந்தது. வயது அறுபத்தொன்று. ஏறத்தாழ ஐம்பதாண்டுச் சேவையில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கடமையிலேயே, பெரும்பாலும் அயற்கடல்களிலே, கழிந்தன.

இலண்டனில் சென் போல்ஸ் பேராலயத்திலே நெல்சனுக்கு அருகே அவரை அடக்கஞ் செய்தனர். பட்டம் அவரோடு அற்றது. மனைவியார் 1819ஆம் ஆண்டிற் காலமானார். மூத்த மகள் சாராவை மணந்த நியூனம் என்பார், மாமனாரின் குடும்பப் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 1828இல் அவர் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். கொலிங்வுட்டின் இல்லற உள்ளத்தை உலகம் அறிந்தது அந்நூலாலேயே. 1845ஆம் ஆண்டிலே தைன் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அவருக்கு உயர்ந்ததொரு சிலை எழுப்பப்பட்டது. ரோயல் சொவரின் கப்பலின் நான்கு பீரங்கிகள் அதன் அடியில் வைக்கப்பட்டுள்ளன.

அவர் ஊன்றிய ஓக் விதைகள் முளைத்தன, மரமாயின. அவை வெட்டுதற்குரிய முதிர்ச்சி எய்துமுன்னரே, 1860ஆம் ஆண்டளவில், பிரித்தானியர் இரும்பினாற் போர்க்கப்பல் கட்டத் தொடங்கிவிட்டனர்.